கொலு முடிந்த பிறகும் ரயில் ஓட வேண்டும்: ஃபிளாட்டுக்கு எந்த லேஅவுட்?

நவராத்திரி முடிந்த வாரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். கொலுப்படிக்குக் கீழே மண் கொட்டிப் பூங்கா போட்டிருப்பார்கள். கடுகு விதைத்த வயல், கண்ணாடித் துண்டில் ஒரு குளம், சுற்றிலும் வட்டமாக ஒரு பேட்டரி ரயில். விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாகிவிடும். ரயிலை மட்டும் உள்ளே வைக்க மனசு வராது. இனி இதை நிரந்தரமாக, பலகையில் தண்டவாளம் பதித்த நிஜ மாடலாகவே (அதைத்தான் லேஅவுட் என்பார்கள்) செய்துவிடலாமே என்று தோன்றும்.

இந்த முறை கேட்டவர் நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கும் நண்பர். அடுத்த வருடம் பணி ஓய்வு. இரண்டாவது அறை பத்துக்குப் பத்து. அதில் பாதியைக் கட்டிலும் துணி காயவைக்கும் ஸ்டாண்டும் பிடித்திருக்கின்றன. "ஹெச்.ஓ. வாங்கவா, என் ஸ்கேல் வாங்கவா?" என்றார். (இரண்டும் மாடல் ரயில் அளவுகள்: ஹெச்.ஓ. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, என் ஸ்கேல் 160-ல் ஒரு பங்கு. இந்த 'என்' ஆங்கில எழுத்து, 'என்னுடைய' என்ற பொருளில் இல்லை. இந்தக் குழப்பம் எனக்கே முதலில் இருந்தது.)

அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு: ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அந்த ரயிலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

## எதை வைத்துத் தேர்வது

ரயில் பிரியர்களில் இரண்டு வகை உண்டு. லெவல் கிராசிங் கேட் மூடியதும் வண்டியை ஆஃப் செய்துவிட்டு, முழு ரயிலும் கடந்து போவதைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. யார்டில் எஞ்சின் முன்னும் பின்னும் போய் வேகன்களைப் பிரித்து மாட்டுவதை (ஷண்டிங்) மணிக்கணக்கில் வேடிக்கை பார்ப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு வளையமாகச் சுற்றி வரும் பாதை வேண்டும். இரண்டாவது வகைக்கு வளையமே தேவையில்லை. நீங்கள் எந்த வகை என்று தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

அடுத்தது இடம். பலகையின் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நீங்கள் நிற்கவும் இடம் வேண்டும். ஓரத்தில் நின்று கையை நீட்டினால் ஏறக்குறைய 75 செ.மீ. தூரம் வரைதான் வேலை செய்ய முடியும். அதற்கு அப்பால் தடம் புரண்ட பெட்டியைத் தூக்கப் போனால், முழங்கை ஸ்டேஷன் கூரையைப் பெயர்த்துவிடும்.

மூன்றாவது, எந்த நாட்டு ரயில் என்பது. நம் அகலப்பாதை 1676 மி.மீ. மாடல் உலகமோ 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜை வைத்துப் பிறந்தது. ஹெச்.ஓ. தண்டவாளத்தின் 16.5 மி.மீ. இடைவெளி அதன் 87-ல் ஒரு பங்கு. நம் பாதையை அதே விகிதத்தில் சுருக்கினால் 19.3 மி.மீ. வரவேண்டும். அதனால் இந்திய ஹெச்.ஓ. பெட்டிகள் எல்லாம் கொஞ்சம் ஒடுங்கிய தண்டவாளத்தில்தான் நிற்கும். பெரும்பாலானவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்பவர்களால் தூங்க முடிவதில்லை.

பிறகு கண், விரல், பணம், கடைசியாக மெட்ராஸ் வெயிலும் மழையும். இவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் மூன்று வழிகளும் இங்கே கிடைக்கும் பலகை அளவுகளை வைத்தவை. பெட்டிக் கணக்குக்கு, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பின் பெட்டியை எடுத்துக்கொண்டேன். இரு முனையிலும் உள்ள பஃபரோடு (மோதலைத் தாங்கும் குமிழ்) சேர்த்து அது சுமார் 22.3 மீட்டர் நீளம், ஹெச்.ஓ.வில் 25.6 செ.மீ., என் ஸ்கேலில் 13.9 செ.மீ.

| | எட்டுக்கு நாலு, ஹெச்.ஓ. | கதவு, என் ஸ்கேல் | சுவரோரப் பலகை, ஹெச்.ஓ. |
|---|---|---|---|
| அளவு விகிதம் | 1:87 | 1:160 | 1:87 |
| தண்டவாள இடைவெளி | 16.5 மி.மீ. | 9 மி.மீ. | 16.5 மி.மீ. |
| பலகை | 8 × 4 அடி | 7 × 3 அடி | 6 × 1 அடி |
| ஆள் நிற்கவும் சேர்த்து | 10 × 8 அடி | 7 × 5 அடி | 6 × 3 அடி |
| போடக்கூடிய பெரிய வளைவின் ஆரம் | 56 செ.மீ. | 41 செ.மீ. | வளையம் இல்லை |
| நேர்ப்பாதையில் எஞ்சினோடு அடங்குவது | 3 பெட்டி | 7 பெட்டி | 8 வேகன் வைத்து ஷண்டிங் |

## எட்டுக்கு நாலு பிளைவுட்டில் ஹெச்.ஓ.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் அப்படித்தான். பிளைவுட் கடையில் ஷீட்டே எட்டுக்கு நாலாகத்தான் வருகிறது. வெட்ட வேண்டாம், கீழே நாலு கால் கொடுத்தால் போதும். அளவு எடுக்க வந்த ஆசாரி, "சார், இது டைனிங் டேபிளா, டேபிள் டென்னிஸா?" என்றார். ரயில் என்றதும், "பசங்களுக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஹெச்.ஓ.வின் பலம் பெரிது. உலகிலேயே அதிகம் விற்கும் அளவு இது. எஞ்சின், பெட்டி, பாயின்ட் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாளம்), கட்டடம், மனிதப் பொம்மை என்று எல்லாம் இதில்தான் அதிகம் கிடைக்கும். ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறந்த மினியாச்சர் வண்டர்லேண்ட் முழுக்க இந்த அளவுதான். இந்திய எஞ்சின்களையும் ஐ.சி.எஃப். பெட்டிகளையும் சிறு தயாரிப்பாளர்கள் கொஞ்சமாகச் செய்வதும் பெரும்பாலும் இதில்தான். எஞ்சினில் எடை இருப்பதால் தண்டவாளத்தோடு மின்தொடர்பு நன்றாக இருக்கும். ஐம்பது வயதுக் கண்ணுக்கும் சக்கரம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

சிக்கல் வளைவில். நாலடி அகலத்துக்குள் முழு வளைவைத் திருப்ப வேண்டுமானால் ஆரம் 56 செ.மீ.க்கு மேல் போகாது. நீளமான பெட்டியைப் போல இரண்டு மடங்கு ஆரம் இருந்தால் ரயில் ஓடும், மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும் என்பது கைக்கணக்கு. ஐ.சி.எஃப். பெட்டிக்கு அது முறையே 51, 77 செ.மீ. ஆக, ஓடும், ஆனால் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்ளே சரிந்து, இரண்டு பெட்டிகளின் மூலைகள் விரிந்து, பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

நேர்ப்பாதைக்கு வருவோம். எட்டடியில் இரண்டு பக்க வளைவும் ஓரமும் போனால் மிஞ்சுவது 122 செ.மீ. டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினுக்கு 23.6 செ.மீ. போக, மூன்று பெட்டி அடங்கும். நாலாவது பெட்டி வளைவில் தொங்கும். மூன்று பெட்டிப் பாண்டியன் எக்ஸ்பிரஸ்! மதுரைக்காரர்கள் மன்னிக்க வேண்டும். பயணிகள் பெட்டியை விட்டு, குட்டை வேகன்களும் சின்ன எஞ்சினுமாகக் கிளைப்பாதை ஒன்றை மாடலாகச் செய்தால் இந்தப் பலகை தப்பிக்கும்.

பாலம் போட்டு எட்டு வடிவில் ஒன்றை ஒன்று தாண்டவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஹெச்.ஓ.வில் கீழே ரயில் போக சுமார் 7.5 செ.மீ. உயரம் வேண்டும். நூற்றுக்கு மூன்று ஏற்றத்தில் அந்த உயரத்தைத் தொட இரண்டரை மீட்டர் பாதை போய்விடும். இறங்க இன்னொரு இரண்டரை மீட்டர். பலகை முழுக்க மலைப்பாதை ஆகி, ஸ்டேஷனுக்குச் சமதரை மிஞ்சாது. ஊட்டி ரயில் பன்னிரண்டுக்கு ஒன்று ஏறுகிறதே என்று கேட்கலாம். அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் இருக்கிறது. வழுக்கும் சக்கரத்தை மட்டும் நம்பிய மாடல் எஞ்சின் அதில் கால்வாசி ஏற்றத்திலேயே பெட்டிகளைக் கழற்றிவிடச் சொல்லிக் கெஞ்சும்.

என் எட்டுக்கு நாலு கதையையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்று ஈரத்தை ஓரளவே தாங்கும் சாதாரண எம்.ஆர். பிளை வாங்கினேன், 12 மி.மீ. கீழே சட்டம் அடிக்கவில்லை. பால்கனி ஜன்னலை ஒட்டிப் போட்டேன். ஐப்பசி மழை வந்தது. கார்த்திகையில் பார்த்தால் ஒரு மூலை ஒரு சென்டிமீட்டர் எழும்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த இடம் வந்ததும் மூன்றாவது பெட்டியின் கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) மட்டும் கழன்றுகொள்ளும். இரண்டு மாதம் கப்ளிங்கைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்தபோதுதான் கீழே வெளிச்சம் தெரிந்தது. ரீப்பர் கட்டையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டம் போட்டு, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். பிளை போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு, பிறகு பிரித்துப் போட்டதில் இரட்டிப்பாகப் போனது.

## கதவில் என் ஸ்கேல்

ஏழுக்கு மூன்று ஃபிளஷ் டோர். அறைக்கு மாட்டும் கதவேதான். வளையாது, இரண்டு முகமும் மழமழவென்று இருக்கும், தனிச் சட்டம் வேண்டாம். (ஆசாரிக்கு அதே சந்தேகம்: "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் சார்?") சுவரோடு ஒட்டிப் போட்டு, கால்களுக்கு வீல் மாட்டிவிட்டால் வேலை செய்யும்போது இழுத்துக்கொள்ளலாம். மூன்றடி என்பது கை எட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் வீல் அவசியம்.

இதே பத்துக்குப் பத்து அறையில் ரயில் ரயிலாகத் தெரிவது இங்கேதான். 41 செ.மீ. ஆரம் என்பது ஐ.சி.எஃப். பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்கு. நேர்ப்பாதையில் எஞ்சினும் ஏழு பெட்டியும் நிற்கும். பாலத்துக்கு 4.5 செ.மீ. உயரம் போதும், ஒன்றரை மீட்டரில் ஏறிவிடலாம். 1960-களில் ஜெர்மனியின் ஆர்னால்ட் கம்பெனி 9 மி.மீ. பாதையைக் கொண்டுவந்தபோது, சின்ன வீட்டில் நீளமான ரயில் ஓட்டலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஜப்பானில் இன்றும் பெரும்பாலான வீட்டு ரயில்கள் இந்த அளவுதான். ஜப்பான் கம்பெனியான காட்டோவின் யூனிட்ராக் தண்டவாளம் அடித்தளத்தோடு சேர்ந்து வரும். கிளிக் என்று மாட்டலாம், கழற்றி டப்பாவில் வைக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய வசதி.

சரி, விலை என்ன கொடுக்கிறோம்? முதலாவது, நம் ரயில். என் ஸ்கேலில் இந்திய எஞ்சினும் பெட்டியும் கிட்டத்தட்டக் கிடையாது. ஜப்பானையோ ஜெர்மனியையோ அமெரிக்காவையோ ஓட்டுவீர்கள்; திரிசூலம் ஸ்டேஷன் மனக்கண்ணில்தான் வரும்.

இரண்டாவது, அழுக்கு. இது புத்தகத்தில் படித்தால் புரியாது. எஞ்சின் லேசு, சக்கரம் சிறிது. தூசி, மின்விசிறியிலிருந்து உதிரும் பஞ்சு, ஒரே ஒரு பல்லி எச்சம் போதும். ரயில் அந்த இடத்தில் நின்று விடும், விரலால் தட்டினால் போகும், அடுத்த சுற்றில் மறுபடி நிற்கும். என் வைத்தியம் இது: டிஷ்யூ பேப்பரைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நாலு சொட்டு விட வேண்டும். எஞ்சினின் பாதிச் சக்கரங்கள் பேப்பரின் மேலும் மறுபாதி வெறும் தண்டவாளத்திலும் நிற்கும்படி பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். சக்கரம் சுழன்றபடியே பேப்பரில் இரண்டு கறுப்புக் கோடு விழும். பேப்பரை நகர்த்தி, கோடு விழாத வரை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு எஞ்சினைத் திருப்பி வைத்து மறுபக்கம். ஹெச்.ஓ.வில் மாதம் ஒருமுறை செய்வதை இதில் வாரம் ஒருமுறை செய்கிறேன். மேலே ஒரு மூடி, குறைந்தது பழைய பருத்திப் புடவை, இல்லாமல் சென்னையில் என் ஸ்கேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, விரல். ஒரு பெட்டியில் எட்டுச் சக்கரம். ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளெழுத்துக் கண்ணாடி இருந்தும் ஏழு சக்கரத்தைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு எட்டாவதை விடுபவர்களில் நானும் ஒருவன். சக்கரங்களைத் தண்டவாளத்தில் வழுக்கி இறக்கும் சரிவான பிளாஸ்டிக் ரீ-ரெய்லர் ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

## சுவரோரப் பலகையில் ஷண்டிங்

ஆறடி நீளம், ஓரடி அகலம், நெஞ்சு உயரத்தில் சுவரில் பிராக்கெட். புத்தக அலமாரிக்கும் இதற்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாயின்ட் இரண்டு, எஞ்சின் ஒன்று, வேகன் எட்டு.

இங்கிலாந்தின் ஆலன் ரைட் உருவாக்கிய இங்கிள்நூக் என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. மூன்று லைன்: ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. எஞ்சின் நிற்கும் லைனில் எஞ்சினும் மூன்று வேகனும் அடங்கும். எட்டு வேகனுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்து சீட்டு எடுக்க வேண்டும். வந்த வரிசையில் அந்த ஐந்து வேகனையும் ரயிலாகச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழி இருக்கிறது. ஒரு ஆட்டம் கால் மணி நேரம் இழுக்கும். தாயக்கட்டை உருட்டுகிற வீட்டுக்கு இது புதிதாகத் தோன்றாது. என் அம்மா மூன்றாவது நாளே என்னைவிடக் குறைந்த நகர்வில் முடித்தார்.

பெரிய ரயில் ஓடாது என்பது வெளிப்படையான குறை. வெளியே தெரியாத குறை, இதில் எல்லாம் மெதுவாக ஓட வேண்டும் என்பது. வளையத்தில் வேகமாக ஓடும் எஞ்சின் அழுக்கான இடத்தை உந்துதலிலேயே தாண்டிவிடும். ஆமை வேகத்தில் போவது அங்கேயே நின்றுவிடும். அதனால் எஞ்சின் நல்லதாக இருக்க வேண்டும். பாயின்ட்டின் நடுவில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ஃபிராக் பிளாஸ்டிக்காக இருந்தால் குட்டி எஞ்சின் அதன்மேல் செத்துப்போகும். மின்சாரம் பாயும் உலோக ஃபிராக் உள்ள பாயின்ட்டாக வாங்க வேண்டும். செட்டோடு வரும் கொக்கிக் கப்ளிங் கையால் தூக்காமல் கழலாது. கேடி (Kadee) என்ற கம்பெனியின் கப்ளிங்குக்கு மாற்றினால், கூராகச் சீவிய மூங்கில் குச்சியை இரண்டு கப்ளிங்குக்கும் நடுவில் நுழைத்துத் திருகினால் போதும். பனீர் டிக்கா குச்சிதான். எட்டு வேகனுக்கும் எஞ்சினுக்கும் கப்ளிங் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் மூன்றில் மொத்தச் செலவு குறைவு இதற்குத்தான். முடிக்கக்கூடியதும் இது ஒன்றுதான் என்பேன். எட்டுக்கு நாலு பலகைகளில் பாதி, பச்சைத் தூள் தூவாமல் வெறும் பிளைவுட்டாகவே இருந்து, ஒருநாள் பரணுக்குப் போகின்றன.

## மூன்றிலும் ஒளிந்திருக்கும் செலவு

வெளிநாட்டு இணையக் கடை விலையை ரூபாய்க்கு மாற்றிப் பட்ஜெட் போடாதீர்கள். பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. சுருக்க மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. ஆர்டர் போடும் அன்றைக்கு என்ன விகிதம் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அதற்கு மேல் கூரியர், ஜி.எஸ்.டி.

எஞ்சின் வரும் அட்டைப்பெட்டியில் 'டி.சி.சி. ரெடி' (டி.சி.சி. என்பது ஒரே தண்டவாளத்தில் ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) என்று இருந்தால், அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மாட்ட ஒரு சாக்கெட் இருக்கிறது, அவ்வளவே. ஒரே எஞ்சின் ஓடும் சுவர்ப்பலகைக்குச் சாதாரண 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர் தாராளம். வளையத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனி வேகத்தில் ஓட்ட ஆசைப்பட்டால்தான் டி.சி.சி. சாலிடரிங் கை உள்ளவர்கள், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஆர்டுயினோ மெகாவும் மோட்டார் ஷீல்டும் வாங்கி, டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவச மென்பொருளை ஏற்றித் எஞ்சின்களுக்குக் கட்டளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனைத் தாங்களே செய்துகொள்ளலாம். டிகோடர் காசு அப்போதும் உண்டு, எஞ்சினுக்கு ஒன்றாக.

பழைய செட் மலிவாக வந்தால் தண்டவாளத்தில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. திருவான்மியூர், பெசன்ட் நகர் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வராக இருக்கலாம், அல்லது மஞ்சளடித்தால் பித்தளை. வெள்ளி நிறமே வேண்டும்.

ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்கலாம். ஜல்லிக்கு இறக்குமதிப் பொடி வேண்டாம். எம்-சாண்டைக் கழுவிக் காயவைத்து, மாவு சல்லடையில் ஒருமுறையும் டீ வடிகட்டியில் ஒருமுறையும் சலித்தால் நடுவில் நிற்பது ஹெச்.ஓ.வுக்குக் கச்சிதம். அதன்மேல் காந்தத்தைத் துழாவி இரும்புத் துகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாருக்குள் போய் ஒட்டும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஊற்றினால் உள்ளே இறங்கும். என் ஸ்கேலுக்கு அதே மணல் பாறாங்கல்லாகத் தெரியும்.

## யாருக்கு எது

நீளமான ரயில் வளைந்து வளைந்து போவதைக் காபி டம்ளரோடு பார்க்க வேண்டும், நம் ஊர் எஞ்சின்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை, கண் சரியாக இருக்கிறது என்றால் கதவு. இந்திய ரயில்தான் வேண்டும், இடம் இல்லை, கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் சுவர்ப்பலகை. பிற்பாடு பெரிய இடம் கிடைத்தால் அதே எஞ்சின், அதே வேகன் கூட வரும். எட்டுக்கு நாலு, தனி அறையோ மூடிய மொட்டைமாடி அறையோ இருப்பவர்களுக்கு, அதுவும் வளையத்தில் ரயில் சுற்றியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு. மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

நண்பருக்கு மனசு எட்டுக்கு நாலிலேயே இருந்தது. எதுவும் வாங்காமல், முதலில் சாக்பீஸால் தரையில் முழு அளவில் வரைந்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள் என்றேன். வரைந்தார். வளைவு, ஸ்டேஷன், பாயின்ட் எல்லாம் போட்டுப் படம் அனுப்பினார். மூன்றாம் நாள் அனுப்பிய படத்தில் ஸ்டேஷனுக்கும் தெற்கு வளைவுக்கும் நடுவே துணி ஸ்டாண்ட் நின்றிருந்தது, ஈரப் போர்வையோடு. அவர் மனைவி கோடுகளைப் பார்த்தாராம். நகர்த்தி வைக்க வேறு இடம் இல்லையாம். நாலாம் நாள் சுவரில் ஆறடி அளந்துவிட்டு, பிராக்கெட் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.